ஐசியு வாசலில் படித்த இங்கிலீஷ்

ஐசியு வாசலில் ஆயா வேலைக்கு வருகிறவள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது பினாயில் வாடையை இல்லை, டாக்டர்களின் இங்கிலீஷை.

நல்ல செய்தி என்றால் தமிழிலேயே சொல்லிவிடுவார்கள். "நாளைக்கு வார்டுக்கு மாத்திடலாம்மா" என்று சிரித்த முகமாக வந்து நிற்பார்கள். கெட்ட செய்திதான் இங்கிலீஷில் வரும். அதுவும் நேராக வராது. காடு, பந்து, விரல் என்று எதையாவது சுற்றிக்கொண்டு வரும். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். வீடு பாலக்கரையில். என் வீட்டுக்காரர் அருள்தாஸ் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கிட்னி இரண்டும் போய், நான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் அவருக்கு டயாலிஸிஸ் நடந்துகொண்டிருந்தது. அவரைப் பற்றியும் ஒருநாள் இப்படி இங்கிலீஷில் சொல்வார்கள், அன்றைக்கு நான் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றுதான் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டேன். மாதாவிடமும் அதைத்தான் வேண்டினேன். நல்ல செய்தியாகக் கொடு தாயே, இல்லையென்றால் புரிகிற மாதிரியாவது கொடு.

காட்டுக்குள்ளே

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி. உள்ளே மாமாவுக்கு மாரடைப்பு. டாக்டர் கதவோரமாக மகனை நிறுத்தி, "ஹீ இஸ் நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்" என்றார். மாமிக்குக் காது மந்தம் என்று மகனுக்கு நினைப்பு. நேரே வந்து, "அப்பா நன்னா இருக்காராம்மா, நாளைக்குக் கஞ்சி குடுக்கலாங்கறா" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் காபி வாங்கக் கிளம்பிவிட்டார்.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த என்னை மாமி கூப்பிட்டார். "டாக்டர் சொன்னது புரிஞ்சுதோ? காட்டை விட்டு இன்னும் வெளியில வரலைன்னு. ஆபத்து தாண்டலைன்னு அர்த்தம்" என்றார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவராம். "அப்ப தம்பிகிட்ட கேக்கலையாம்மா?" என்றேன். கையிலிருந்த தீர்த்தப் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "பாவம், கஷ்டப்பட்டு ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போறான். அதைப் போய்த் திருத்தச் சொல்றியா?"

விரல்மேல் விரல்

சின்ன வயது லேடி டாக்டர் ஒருவர் விரல்மேல் விரலைப் பின்னிக் காட்டி, "ஃபிங்கர்ஸ் கிராஸ்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கேட்டுக்கொண்டு நின்றவர் கோட்டைப் பக்கத்து முஸ்லிம் அம்மா. உள்ளே இருந்தது அவருடைய அண்ணன். டியூட்டி சிஸ்டரிடம் நான் அர்த்தம் கேட்டேன். "நல்லது நடக்கணும்னு நினைச்சுக்கறதுதான்க்கா. நம்ம கையில இருந்ததெல்லாம் முடிஞ்சு போச்சுன்னா இதான் சொல்வாங்க" என்றது அந்தப் பெண்.

எனக்கு அந்த விரல் சிலுவை மாதிரி தெரிந்தது. புடவைத் தலைப்புக்குள் கையை மறைத்து விரலைப் பின்னிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொன்னேன். அந்த அம்மா கையில் தஸ்பீஹ் மணிமாலை உருண்டுகொண்டிருந்தது. என்னைக் கவனித்துவிட்டு, "நீங்க உங்க பக்கம் கேளுங்கம்மா, நான் எங்க பக்கம் கேக்கறேன். எதுல லைன் கெடைச்சாலும் சரிதான்" என்றார். சாயங்காலம் மஃரிபு பாங்கு சொல்வதற்குள் அண்ணன் போய்விட்டார். ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே போன அந்த அம்மா, லிஃப்ட் கதவு மூடுவதற்குமுன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "லைன் கெடைக்கலம்மா."

பந்து

முசிறியில் வாழை போடுகிற பெரியவர். மெஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டு மகன்களிடமும், "த பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸுக்குப் போனார். பேஷண்டைப் பற்றி ஆயா வாயைத் திறக்கக் கூடாது என்பது சூப்பர்வைசர் உத்தரவு. ஆனால் மூத்தவர் என்னிடம் வந்து, "பந்துன்னாரே, என்னங்க அது?" என்று கேட்டு நின்ற நிலையைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். "மெஷினை எடுக்கிறதா வைக்கிறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்னு சொல்றாருங்க" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். கடைசியில் மூத்தவர் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சொன்னார்: "பூவன் போடறதா ரஸ்தாளி போடறதான்னுகூட அப்பா எங்கள முடிவு பண்ண விட்டதில்லைங்க. இத மட்டும் எங்ககிட்ட விட்டுட்டாரே."

சாப்பாட்டு நேரம்

வீட்டுக்கு வந்ததும் அன்றன்றைக்குக் கேட்டதைச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். வேறு யாரிடம் சொல்வது? மகன் ஓசூரில், மகள் மணப்பாறையில். அளந்து குடிக்கிற தண்ணீரும் உப்பில்லாத குழம்பும் இறங்குவதற்கு அந்தப் பேச்சு உதவியது. லேத்தில் அளவு பார்த்துக் கடைந்தவர் இல்லையா, ஒரு வார்த்தை பிசகாமல் பிடித்துக்கொள்வார். இப்படியா அப்படியா என்று இழுத்துக்கொண்டிருப்பதை 'டச் அண்ட் கோ' என்பார்கள் என்று சொன்னேனா, மறுநாள் அடுப்பில் பால் பொங்கி வரும்போது, "ஸ்டெல்லா, டச் அண்ட் கோ" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

ஒருநாள் எதிர்வீட்டு பீட்டர் அண்ணன், "எப்படி மச்சான் இருக்கீங்க?" என்று கேட்க, இவர் நெஞ்சை நிமிர்த்தி, "நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்" என்றார். பீட்டர் அண்ணன் என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்: "தங்கச்சி, மச்சான் இங்கிலீஷெல்லாம் பேசுறாரு, தேறிட்டாரு."

எங்கள் முறை

தேறவில்லை. டயாலிஸிஸுக்குப் போட்டாலே பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. இதயமும் தாங்காது என்றார்கள். ஒருநாள் காலை பெரிய டாக்டர் இவர் படுக்கைப் பக்கத்தில் நின்று, கூட வந்த சின்ன டாக்டரிடம், "இட்ஸ் ஒன்லி எ மேட்டர் ஆஃப் டைம்" என்றார். நான் யூனிஃபார்மில் கால்மாட்டில்தான் நின்றேன். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். திரும்பி என் தோளைத் தட்டி, "பயப்படாதீங்கம்மா, பார்த்துக்கலாம்" என்றார். அது மட்டும் தமிழில்.

வெகுநாளாகக் காத்திருந்த செய்தி, நான் வேண்டிக்கொண்டபடியே புரிந்துவிட்டது. நடக்கப்போவது நிச்சயம், எப்போது என்பதுதான் பாக்கி. போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு, "பார்த்துக்கலாம்னு சொல்றாரு" என்றேன். ஸ்ரீரங்கத்து மாமியின் மகன் ஏன் முகத்தைக் காட்டாமல் போனார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மேட்டர் ஆஃப் டைம்னா என்னன்னு தவக்காலத்துல கஞ்சி குடிக்கும்போது நீதான சொல்லிக்குடுத்த. பிள்ளைங்களுக்கு இந்த இங்கிலீஷெல்லாம் வேண்டாம் ஸ்டெல்லா, தமிழ்லயே சொல்லிடு."

இவ்வளவு படித்து என்ன, சாயங்காலம் மகனுக்கு போன் போட்டு அவன் "என்னம்மா?" என்றதும் என் வாயில் வந்தது, "ஒண்ணுமில்லப்பா, சாப்பிட்டியா?" என்பதுதான்.