காற்று அடங்காத துறை

இந்தத் தீவுக்கு வந்து ஆறு வருடமாகியும், மேகம் திரண்டால் கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். பக்கத்து அறைக்காரர்கள் சிரிப்பார்கள். ஓமான் கரையிலிருந்து கொஞ்ச தூரம் கடலுக்குள் கிடக்கும் சின்னத் தீவு இது. ஆனி, ஆடியில் வானம் மூடிக்கொள்ளும், துளி விழாது. ஊரில் இருப்பவர்களுக்கு இதை நம்பச் சிரமமாக இருக்கும். காற்று மட்டும்தான். கதவைத் தோளால் முட்டித் திறக்க வேண்டும். கரடும் மணலும் தவிர, ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. குடிக்கிற தண்ணீர்கூடக் கடலிலிருந்து உப்பைப் பிரித்து எடுப்பதுதான்.

அதே மாதங்களில் எங்கள் ஊரில், தளிப் பக்கம், சாரல் பிடித்துக்கொள்ளும். ஓசூர் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து, இங்கே மீன் கிடங்கில் குளிர்சாதன மெக்கானிக்காக நான் கிளம்பியபோது, ஜவளகிரியில் எங்கள் கோஸ் தோட்டத்தைத் தம்பி முனிராஜ் ஏற்றுக்கொண்டான். போனில் அவன் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அண்ணா, அங்க மழை பேஞ்சுதா?"

"இல்லடா, காத்துதான்."

"இங்க விடவே மாட்டேங்குது. பாதி உனக்கு அனுப்பட்டா?"

போன ஆடியில் ஒரு காலை அவன் மனைவி லட்சுமி அழைத்தாள். "மாமா, தோட்டத்துக்குப் போனவர ஆனை அடிச்சிருச்சு மாமா. பனியில நிக்கறது தெரியலயாம்."

பையோடு துறைக்கு ஓடினேன். பெரிய படகு கட்டிக் கிடந்தது. அங்கிருந்த அதிகாரியிடம், எனக்குத் தெரிந்த அரபியில், தம்பி இறந்துவிட்டான், 'ஃபீல்' கொன்றுவிட்டது என்றேன்.

"ஃபீலா?" அவர் சிரித்துவிட்டார். மூக்கருகே கையை வைத்துத் தும்பிக்கைபோல் ஆட்டினார். யானையைப் படத்தில் மட்டுமே பார்த்தவராக இருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை இறங்கியது. தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். பிறகு கடலைக் காட்டி, "ஹவா" என்றார். காற்று. அது அடங்கும்வரை படகு போகாது.

மறுநாளும் அடங்கவில்லை. துறையிலேயே கிடந்தேன். தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்துவிட்டது, மழையில் இனியும் வைத்திருக்க முடியாது என்று ஊரிலிருந்து போனில் சொன்னார்கள். "எடுத்துடுங்க" என்று நான்தான் சொன்னேன். எங்கள் நிலத்திலேயே குழி வெட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பா வீடியோ காலில் போனைப் பிடித்துக் காட்டினார். குடைகள், சேறு, வெள்ளைத் துணியில் என் தம்பி.

"அண்ணன் மண்ணு யாரு போடறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவன் பேர்ல நான் போடறேன். நோடுப்பா, பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நஞ்சப்பா ஈரச் செம்மண்ணை அள்ளினார். என்னையறியாமல் நானும் குனிந்து, காலடியில் காற்று குவித்திருந்த மணலில் ஒரு பிடி அள்ளினேன். அவர் கை திறந்தபோது என் கையும் திறந்தது. முனிராஜின் மேல் விழுந்தது அவருடைய பிடி. என்னுடையது, கிளிஞ்சல் பொடியும் உப்புமாக, துறையின் சிமென்ட் தரையில் சிதறிக் கிடந்தது.