வலைக்கு அடியில் கை கொடுத்தவர்

கொடைக்கானலில் ஒரு கிளப்பின் சுவரில் அந்தப் புகைப்படம் தொங்குகிறது. வாலிபால் வலைக்கு அடியில் இருவர் கை கொடுத்து நிற்கிறார்கள். கீழே, ‘இந்திய - இலங்கை நட்பு, 1969’. இடப்பக்கம் நிற்பவர் அருள்மணி. பெரும்பாறை காப்பித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், எங்களுக்கு அடுத்த வீடு.

இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பங்கிட்டதில் அவர் இந்தியாவுக்கு வந்தார். தங்கை அருள்மேரி, கணவனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால், அங்கே அட்டன் பக்கமே தங்கிவிட்டாள். பிள்ளை உண்டாகி ஏழு மாதம் என்று கிறிஸ்துமஸுக்கு எழுதினாள். அதன்பின் தகவல் இல்லை.

கோடை சீசனில் இலங்கை அணி ஒன்று நட்பு ஆட்டத்துக்கு வந்தது. அதன் தலைவன் வேலுமணி அருள்மேரி இருந்த தோட்டத்தைச் சேர்ந்தவன். அவனிடம் கேட்கத்தான் அருள்மணி எங்கள் பக்கம் ஆட ஒப்புக்கொண்டார்.

கிளப் கமிட்டிக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார். “ஒப்பந்தம் அது இதுன்னு யாரும் அவுங்ககிட்ட வாயத் தொறக்கப்படாது. பெரிய ஆபீசருக வந்திருக்காக. கை குடுங்க, வெளாடுங்க, சோலி முடிஞ்சது.”

“தங்கச்சியப் பத்தி ஒரு வார்த்தை மட்டுங்க...”

“ஏலே, வந்த எடத்துல நட்பக் கெடுத்துராத.”

ஆட்டம் முடிந்த கையோடு அவர்களை மதுரைக்கு ஏற்றிப்போக பஸ் தயாராக நின்றிருந்தது. பேசுவதற்கு, ஆட்டத்துக்கு முன் கை கொடுக்கும் நேரம் மட்டுமே மிச்சம். பிடித்த கையை அருள்மணி விடவில்லை.

“தம்பி, அருள்மேரி எப்படி இருக்கா?”

வேலுமணி தயங்கினான். “ஒங்களுக்கு யாரும் எழுதலியாண்ணே? மாசியில பிரசவத்துல போயிட்டா. புள்ளையும் தங்கல.”

அப்போதுதான் படம் எடுத்தார்கள்.

விசில் ஒலித்தது, ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து நேராக அவரிடம் வந்தது, கை எழவில்லை.

“என்ன சிலோன்காரரே, சொந்த ஊருக்கு விட்டுக் குடுக்கீகளா?” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிரிப்பு.

அடுத்த பந்தும் அவர் காலடியில் விழுந்தது. மூன்றாவதை வேலுமணி வேண்டுமென்றே வலையில் அடித்தான். அதன்பின் அவன் அடித்த எதுவும் வலையைத் தாண்டவில்லை. நாங்கள் ஜெயித்தோம். சகோதர நாடுகள் என்று ஒருவர் நெடுநேரம் பேசினார்.

அருள்மணி பிறகு பந்தைத் தொடவில்லை. தங்கையின் கல்லறையை ஒருமுறை பார்த்துவர யாரிடம் கேட்க வேண்டும் என்று என்னிடம் விசாரித்தார். எங்கள் லயத்தில் முதல் பி.ஏ. நான். எனக்குத் தெரியவில்லை. எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில், கிளப்பில் பேசி அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லட்டுமா என்றேன்.

“வேணாம் தம்பி,” என்றார். “கல்லறைன்னு இந்தியாவுல அவளுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்.”