லேயர் 112 காப்பி 6

சாக்லேட் பெட்டியின் அடியில் அச்சாகியிருந்த எண்ணை, எங்கள் கடைக் கவுன்டரில் நின்றபடியே தன் போனில் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார் அந்த அக்கா. "வணக்கங்க, சாக்லேட் எத்தன கிலோ வேணுங்க?" என்றது ஓர் ஆண்குரல். பெட்டி அக்காவுடையது. குரல் போன வருடம் எங்களிடமே பெட்டி அச்சடித்துக்கொண்டு போன இன்னொரு சாக்லேட் கடைக்காரருடையது.

லேயருக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

கணினியில் பெட்டி வடிவமைக்கும்போது படம், எழுத்து, எண் எல்லாம் தனித்தனிக் கண்ணாடித்தாள்கள்போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அவைதான் லேயர். பக்கத்தில் ஒரு கண் குறி இருக்கும். மூடினால் தாள் மறையும், திறந்தால் தெரியும். நாம் பெயர் வைக்காவிட்டால் மென்பொருளே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும்; நகலெடுத்தால் ‘காப்பி’ என்று சேர்த்துக்கொள்ளும்.

குன்னூரில் எங்கள் அச்சுக்கடையின் வழக்கம் இது: புது ஆள் வந்தால் பழைய ஆளின் ஃபைலைத் திற, அவருடையதைக் கண்ணை மூடி மறை, மேலே புதியதை வை. எதையும் அழிக்கக் கூடாது. "நாளைக்கு அந்தாளு வந்து கேட்டா?" என்பார் முதலாளி அண்ணன். மஞ்சூர் தேயிலைத்தூளும் வர்க்கியும் யூக்கலிப்டஸ் தைலமும் ஒரே ஃபைலுக்குள் புதைந்து கிடக்கின்றன. ‘லேயர் 112 காப்பி 6’. ‘ஃபைனல்’. ‘ஃபைனல் புதுசு’. ‘இத தொடாத’, திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. மழைக்காலத்தில் பீரோவில் அடைத்து மறந்த ஈரத்துணி முகத்தில் ஒரு வாடையை அடிக்குமே, அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் வரும்.

அக்காவின் வீடு அருவங்காடு குவார்ட்டர்ஸில். சமையலறையிலேயே சாக்லேட் செய்கிறார். இதுதான் முதல் சீசன். அச்சுக்குப் போகும் முன், முந்திரிப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லியிருந்தார். நூற்றுக்கணக்கான லேயர் எண்களுக்கிடையே முந்திரி எங்கே என்று கண் குறிகளை மூடித் திறந்து தேடியதில், அவர் போன் எண் மூடிக்கொண்டு பழைய கடைக்காரரின் எண் திறந்துகொண்டது. அதே எழுத்துரு, அதே இடம். நான் முந்திரியை மட்டும் பார்த்தேன்.

"ஏனம்மிணி, நீதான பண்ணுன?"

"ஆமாங்க்கா."

"டூரிஸ்ட் தங்கற காட்டேஜ் காட்டேஜா பெட்டியக் குடுத்துட்டு வந்தேன். பதினஞ்சு நாளா ஒரு போன் இல்ல. ருசிதான் சரியில்லையோன்னு கொக்கோவக் கூட்டிக் கொறச்சுக் கிண்டிட்டே கெடந்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா முடிஞ்சுதுங்க" என்றார் முதலாளி.

"இந்தப் பனியில உங்க ஸ்டிக்கர் எத்தன நாளைக்குங்க நிக்கும்? உரிஞ்சா மறுபடி அந்தாளு நம்பர்தான பல்லக் காட்டும்? சனிக்கெழமைக்குள்ள புதுசா அடிச்சுக் குடுங்க."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். அக்கா படியிறங்கியதும் நான் பெயர் வைக்கும் யோசனையைச் சொன்னேன். சிரித்தார். "லேயருக்கென்ன காதுகுத்தா வெக்கறோம்? அந்த ஃபைல்லயே நம்பர மாத்தி உட்டுடு."

அதே ஃபைலில்! லேயர் பட்டியலை உருட்டிப் பார்த்தேன். கோவையில் மூன்று வருடம் இந்த வடிவமைப்பையே படித்துவிட்டு வந்தவள் நான். அந்தக் காப்பிகளில் பாதி, வேலைக்குச் சேர்ந்த இந்த ஆறு மாதத்தில் நானே போட்டவை.

நாளை காலை முதல் பஸ்ஸில் கடைக்குப் போய், வெற்று ஃபைலில் தொடங்கப்போகிறேன். பழையதிலிருந்து ஒரு புள்ளியைக்கூட எடுக்க மாட்டேன். ‘போன் எண்’, ‘முந்திரி’, ‘எடை’ என்று உள்ளே இருப்பதுதான் பெயர். ஏழெட்டு லேயருக்கு மேல் தேவைப்படாது. முதலாளி என்ன சொல்வாரோ தெரியாது. அக்காவை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணையும் அவரையே திறந்து மூடிப் பார்க்கச் சொல்வேன். அவர் சரியென்ற பிறகுதான் அச்சு.