புரட்டாசி விரதம் இருந்த பூனைக்குட்டி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் பூனைக்குத் தீனி வைப்பதைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் கரைத்த டின் பாலின் அந்தத் தித்திப்பு வாடை எங்கே அடித்தாலும் இன்றும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. தாய்ப்பூனை லாரியில் அடிபட்டுச் செத்துப்போக, ரப்பர் மரங்களுக்கடியில் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைப் பாவாடையில் சுருட்டி எடுத்து வந்தேன். அம்மா திட்டவில்லை. எலும்பும் தோலுமாக இருந்ததற்கு "குண்டு" என்று பெயர் வைத்ததே அவர்தான். புரட்டாசி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் நுழையக்கூடாத மாதம். "கவுச்சி" என்ற சொல்லைக்கூட அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

ஆகவே குண்டுவும் எங்களோடு விரதம் இருந்தது. காலையில் டின் பால், மத்தியானம் பருப்புச் சோறு, சாயங்காலம் மறுபடியும் டின் பால். வளர்கிற குட்டிக்கு மீனும் இறைச்சியும் கட்டாயம் வேண்டும் என்பதோ, அந்தச் சீனிப் பால் அதன் வயிற்றைக் கெடுக்கும் என்பதோ எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓயாமல் வயிற்றால் போனது. இரண்டு வாரத்தில் முடி மங்கி, பின்னங்கால்கள் தள்ளாட ஆரம்பித்தன.

தோட்டத்து முகப்பு ரோட்டில் மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் சீனரை எல்லோரும் "தவுக்கே" என்போம். "உங்க சாமி எனக்கு ஒரு மாசம் லீவு குடுத்துட்டாரு லா," என்று சிரிப்பவர், குட்டியைக் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஐயோ தங்கச்சி, பூனைக்குமா புரட்டாசி? மீன் குடு, இல்லாட்டி செத்துப்போகும் லா."

ஒரு மீன் தலையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அங்கேயே ரோட்டோரம் வைத்து ஊட்டியிருக்கலாம். அம்மாவைக் கேட்காமல் எதையும் செய்து பழகாத நான், பொட்டலத்தோடு வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"விளக்கு எரியுற வீட்டுக்கா கவுச்சியக் கொண்டாந்த? அறிவு இருக்கா உனக்கு?"

பொட்டலம் சாக்கடையில் விழுந்தது, என் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. "நாமெல்லாம் பருப்பு தின்னுட்டு உசுரோட இல்லையா? அதுவும் இருக்கும்," என்றார்.

அம்மா கெட்டவர் இல்லை. கடைசி வாரத்தில் தன் தேத்தண்ணிக்கான பாலையும் அதற்கே ஊற்றினார். வேலை விட்டு வந்ததும் அதை மடியில் போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டினார். காலண்டரைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளுதான்டா குண்டு, அப்புறம் உனக்குத் தனி மீனு," என்றார். குட்டி நாக்கை நீட்டவில்லை. புரட்டாசியின் கடைசி நாள் மத்தியானம் அவர் மடியிலேயே அதன் மூச்சு நின்றது. கொல்லையில் புதைத்தோம்.

இப்போது புக்கிட் காத்தில் என்ற ஊரில் உள்ள வீட்டில் என் மகள் ஒரு குட்டி வளர்க்கிறாள். குட்டிகளுக்கென்றே விற்கும் தீனி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சுத்தமான தண்ணீர் என்று நாளுக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறாள். "பால் மட்டும் ஊத்தாதீங்கம்மா, வயித்துக்கு ஆகாது லா," என்று எனக்குச் சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, எங்கள் லயத்து வீட்டு வரிசை இருந்த இடத்தில் புது வீடுகள். அம்மாவும் இல்லை. தெரிந்துகொண்டதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

குண்டுவைப் புதைத்த மறுநாள் ஐப்பசி முதல் தேதி. அம்மா தவுக்கேயிடம் கெம்போங் மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். நானும் சாப்பிட்டேன்.