காலிக் கட்டம்

அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் வாத்தியார். மெக்கானிக்கல் பாடத்தோடு நீதி வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நற்குணம் படித்து வருவதல்ல, அரம் பிடிப்பதுபோல் தினமும் செய்து கைக்குப் பழக வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். ஆளுக்கொரு கட்டம் போட்ட நோட்டு. வாரத்துக்கு ஒரு குணம். அதைக் கடைப்பிடித்த நாளுக்கு ஒரு டிக்.

திங்கட்கிழமை நோட்டுகள் வரும். ஏழு டிக்கும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். கேன்டீனில் உட்கார்ந்து போட்டவை என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்து படித்த ஒருவன் மட்டும், பொய் சொல்லாமை வாரத்தில் மூன்று கட்டங்களைக் காலியாக விட்டிருந்தான்.

“அந்த மூணு நாளும் பொய் சொன்னேன் சார்” என்றான். வகுப்பே சிரித்தது.

மறுநாள் பிரின்சிபால் நோட்டுகளைப் பார்க்க வருவதாக இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. “காலியா விட்டா என்னைத்தான்டா கேப்பாங்க. ரொப்பிக்கினு வா!” என்று நோட்டை விசிறியடித்தேன். அதற்கப்புறம் அவன் நோட்டில் காலிக் கட்டமே கிடையாது. வருஷக் கடைசியில் பரிசும் அவனுக்கே கொடுத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மாணவர்களைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவன் சூப்பர்வைசர். பாரம் தூக்கும் சங்கிலியைத் தினமும் சோதித்து எழுதும் ரிஜிஸ்டரை ஆசையாகக் காட்டினான். “எல்லாம் நீங்க குடுத்த பழக்கம் சார். ஒரு நாள்கூட காலி கெடையாது.”

பார்த்தேன். ஒரே மை, ஒரே சாய்வு. நாளைய கட்டத்திலும் டிக் இருந்தது.

அவன் டீ சொல்லப் போனபோது, சங்கிலியடியில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி என்னிடம் வந்தார். “நீங்க அவருக்கு வாத்தியாரா சார்? நீங்களாச்சும் சொல்லுங்க. சங்கிலில ஒரு கண்ணி வாயத் தொறந்துகினு கீது. மூணு நாளா சொல்லிக்கினே கீறேன்.”

என் மாணவர்கள் சுற்றி நின்று என் வாயையே பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே நீதி வகுப்பு நோட்டைத்தான் கொடுத்திருந்தேன்.

“ரிஜிஸ்டர்ல சரியாத்தானேப்பா இருக்கு” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி அந்தச் சங்கிலிக்கு அடியிலேயே போய் நின்றார். அவன் திரும்பி வந்த பிறகும் பாவி நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த மனிதருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.