நான் கிழித்த காகிதம்

போன வெள்ளிக்கிழமை ராமசேஷன் போய்விட்டான். கிடர்பூர் கப்பல் ஆபீஸ் குமாஸ்தா, காளிகாட்டில் எனக்குப் பக்கத்துச் சந்து... இந்தப் பத்தியில் நான் வாராவாரம் கேலி செய்துவந்த அதே ராமசேஷன்தான். இந்த வாரம் கேலி வரவில்லை. மன்னியுங்கள்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். தனக்கு நினைவு தப்பிப்போனால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறானாம். மனைவி கமலத்திடம் கொடுத்தால் அழுவாள், அதனால் நான் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

நாற்பத்தெட்டு வயதுக்காரன் பேசுகிற பேச்சா இது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிரித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துப் போட்டேன்.

"அச்சுபிச்சுன்னு பேசாதே. நூறு வயசு இருப்பே" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்து இன்னொரு டம்ளர் காப்பி வரவழைத்தேன்.

பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஆறு மாதம் முன்பே அப்பளத்துக்குச் சொல்லிவைக்கிறோம். வருவது நிச்சயம் என்று தெரிந்த ஒன்றைப் பற்றி ஒருவன் வாயைத் திறந்தால் மட்டும் பொத்திவிடுகிறோம். ஏன்?

பக்கவாதம் வந்து விழுந்த ராமசேஷனுக்குப் பேச்சும் போயிற்று, கையும் போயிற்று. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் குதிரை வண்டி ஏறினார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர்கள் கட்டிலோடு வந்து நின்றார்கள். மூச்சு இருக்கும்போதே கங்கைக் கரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அதுதான் புண்ணியம் என்பது அவர்கள் வழக்கம். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நம்மவர்கள், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். கமலம் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எல்லாம் எழுதி உங்ககிட்ட குடுத்திருக்கேன்னு சொன்னாரே அண்ணா. அதுல என்ன போட்டிருக்கார்?"

கிழித்ததை அவளிடம் அவன் சொல்லவே இல்லை! என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை போலும். எனக்கும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"கங்கைக்குன்னுதான் எழுதியிருந்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கட்டில் தயாராக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

கங்கைக் கரையில் மூன்று நாள். ஒழுகுகிற கொட்டகை, தூறல், ஈரக் கம்பளி. பக்கத்தில் எரிகிற சிதைகளின் புகை. அவன் கண் என்னை விட்டு நகரவே இல்லை. சரிதான் என்றதா... வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போ என்றதா? குனிந்து குனிந்து கேட்டேன். தெரியவில்லை. இனிமேல் ஒருநாளும் தெரியப்போவதில்லை. என்னை நானே மன்னிக்க ஒரு வழியும் காணவில்லை.

நேற்று நானும் உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதினேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது... எல்லாம் விவரமாக. என் மனைவியிடம் கொடுத்தேன்.

படிக்காமலே அடுப்பில் போட்டாள் — என் மேல் அவ்வளவு பிரியம்.