தம்பிக்கு விரோதமாக நான் செய்த ஜெபம்

சபையாருக்கு எஸ்தர் டீச்சரின் ஸ்தோத்திரம். என் தம்பி சாம் வெளிநாட்டு மலையில் சாகக் கிடந்ததையும், ஆண்டவர் அவனைத் திருப்பித் தந்ததையும் உங்களில் பலருடைய வீட்டில் சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் பாதியை விழுங்கிவிட்டேன். விழுங்கிய பாதியை இப்போது எழுதுகிறேன்.

அம்மா பக்கவாதத்தில் ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாள். தென்காசி வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் அவளைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு இலத்தூர் பள்ளிக்கு ஓடுவேன். சாம் கனடாவில் இருந்தான். ஞாயிறு தவறாமல் போனில் வந்தான். ஆள் வரவில்லை. லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு நாட்டுக்கு மலையேறப் போய்விடுவான். பனிமலை முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ வரும். அம்மா அதைப் பார்த்துக் கோணிய வாயால் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடக்கத்துக்குக்கூட அவன் வந்து சேரவில்லை. மண் போட்ட மறுநாள்தான் வந்தான்.

நம் ஜெபக் குறிப்புப் பெட்டியில் "தம்பி மனம் உணர" என்று மாதாமாதம் சீட்டு எழுதிப் போட்டேன். போதகர் வாசித்தார். நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். ஆனால் வீட்டில் முழங்காலிட்டு நான் கேட்டது வேறு. "ஆண்டவரே, அவனும் ஒரு நாள் தண்ணி கேட்டுக் கிடக்கணும். கொடுக்க யார்ட்டயும் தண்ணி இருக்கக் கூடாது." அம்மாவுக்குப் பகலெல்லாம் தாகம். நாக்கு குழறிப்போன அவள் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை "தண்ணி"தான். அதனால் என் வாயிலும் அதே வந்தது. ஆறு வருடமும் வந்தது.

அம்மா போன மறு வருடம் ஜூனில் சாம் கூப்பிட்டான். "நீ எங்கனயும் போனதே இல்லக்கா. என்கூட பெரு நாட்டுக்கு வா. மலை உச்சியில பழைய ராஜாக்க கட்டுன ஊரு இடிஞ்சு கெடக்கு. நாலு நாள் நடை." செங்கோட்டையில் ரயில் ஏறிக் கொல்லம் போனதுதான் என் அதிகபட்சப் பயணம். ஆனாலும் சரி என்றேன். மலையைப் பார்க்கிற ஆசை இல்லை. ஊரில் வைத்து அவனைக் கேட்டால் நாலு பேர் சமாதானம் பண்ண வந்துவிடுவார்கள். மலையில் வைத்துக் கேட்டால் அவன் எங்கே ஓடுவான்? அந்தத் திட்டத்தோடுதான் போனேன்.

இரண்டு நாள் என் மூட்டையையும் சேர்த்து அவனே சுமந்தான். டீ போட்டுக் கொடுத்தான். என் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டான். அது என் கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், பாதை ஓரம் ஒரு அருவி. அங்கே வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவின் படுக்கைப் புண் வரை ஒன்றையும் விடவில்லை. அவன் தலையைக் குனிந்து கேட்டான். கடைசியில் அருவியைக் காட்டினான்.

"அக்கா, நாம சண்ட போட்டா அம்மா குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி அருவியில நிறுத்துவால்லா. தல நனஞ்சா சண்ட முடிஞ்சுதும்பா. இதுல நிப்பமா?"

குற்றாலத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தப் புத்திதான். எந்த ஊர் அருவியைக் கண்டாலும் தலையைக் கொடுத்துவிடுவோம். அது பனி உருகி விழுகிற தண்ணீர் என்பது எனக்குக் கையை நீட்டியதும் தெரிந்துவிட்டது. எலும்பு வரை குத்தியது. நான் பின்வாங்கினேன். அவனைப் பின்வாங்கச் சொல்லவில்லை.

"நீ நில்லு. நான் சொல்லும்போது வா" என்றேன்.

போட்டிருந்த துணியோடு போய் நின்றான். உதடு நீலமானது. "போதுமாக்கா?" என்றான். "போதாது" என்றேன். இன்னொரு தரம் கேட்டான். அப்போதும் போதாது என்றேன். இதைத்தான் உங்களிடம் மறைத்திருந்தேன்.

ஈரம் காயும் முன் மேகம் மூடிவிட்டது. கணவாயில் ஏறும்போது காற்று அறைந்தது. முதலில் அவனுக்குப் பல் கிட்டியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், பைத்தியக்காரி. பேச்சு குழறியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது போல இருந்தது. பாறையில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, தண்ணி" என்றான்.

இருவருக்கும் இருந்த ஒரே தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். கோபத்தில் அருவிக்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அங்கே திரும்பிப் போக இரண்டு மணி நேரம். பாதையில் ஒரு மனிதர் இல்லை. நான் கேட்டபடியே, வார்த்தைக்கு வார்த்தை, என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

மண்ணில் விழுந்தேன். ஸ்தோத்திரம் வரவில்லை, வசனம் வரவில்லை. "அந்த ஜெபத்தைத் திருப்பி எடுத்துக்கிடுதேன் ஆண்டவரே. எனக்கு இவன் வேணும்" என்று கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. மணிச் சத்தம் கேட்டது. தொப்பி போட்ட ஒரு மலைக்காரப் பெண் இரண்டு கோவேறு கழுதைகளோடு வந்தாள். ஓடி வந்து அவன் ஈரத் துணியை எல்லாம் உருவினாள். கம்பளியில் சுற்றினாள். என் தோளைப் பிடித்து அவன் பக்கத்தில் தள்ளி, கட்டிப்பிடி என்று சைகை காட்டினாள். குழந்தையில் ஒரே பாயில் படுத்ததற்குப் பிறகு நான் என் தம்பியைத் தொட்டது அப்போதுதான். தன் பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீரை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். அம்மாவுக்கு ஊட்டிப் பழகிய கை.

கழுதை மேல் வைத்து அவனை அந்த இடிந்த ஊருக்குத்தான் கொண்டுபோனோம். காவலாளி அறை அங்கேதான் இருந்தது. ஹெலிகாப்டர் வந்தது. நிமோனியா. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பிழைத்தான். அந்தப் பழைய ஊர் எப்படி இருந்தது என்று பள்ளியில் கேட்கிறார்கள். நான் ஒரு கல்லைக்கூடப் பார்க்கவில்லை.

கர்த்தர் கேட்டார். அதற்குச் சாகும்வரை நன்றி சொல்வேன். ஆனால் சாமின் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறான். மலை இனிமேல் கிடையாது. அவனோ போகிற இடமெல்லாம் "அக்காதான் என்ன காப்பாத்துனா" என்கிறான். ஒவ்வொரு முறையும் எனக்கு நெருப்பை அள்ளிப் போட்டது போல இருக்கும். கோபத்தோடு முழங்காலிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பிறகு கேளுங்கள். அவர் காது மந்தமானவர் இல்லை. அவரை நம்பலாம், நான் நம்புகிறேன். உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடக் குற்றாலச் சாரலுக்கு சாம் வந்திருக்கிறான். சபைப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவனிடம் படித்துக் காட்டினேன். தாளை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தான். பிறகு, "வா, ஐந்தருவிக்குப் போவோம்" என்றான்.

"டாக்டர் ஒன்னய நனையக் கூடாதுன்னுருக்காரேலே" என்றேன்.

"நான் நனையல. நீ நில்லு. நான் சொல்லும்போது வா."

பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். அவன் கம்பிக்கு வெளியே துண்டோடு நின்றான். இருட்டும் வரை நிற்க வைத்தாலும் நின்றிருப்பேன். முதல் தண்ணீர் தலையில் விழுந்த உடனே அவன் கூப்பிட்டுவிட்டான்.

"போதும்க்கா. வா."